நான்காண்டு பி.எஸ்ஸி.யில் இடம் வந்திருக்கிறது: அனுப்பலாமா?

லிபோடே வாத்தியார் எழுதியது:

வணக்கம். பருத்தித்துறையில் பிறந்து, நைஜீரியாவில் ஆறு வருடம் கணிதம் படிப்பித்து, 1988இல் தென்னாப்பிரிக்காவின் அப்போதைய ட்ரான்ஸ்கைப் பகுதியில் வந்து இறங்கியவன் நான். இரண்டு வருடத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தேன். இன்னும் இங்கேயே இருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் உம்தாத்தாவிலிருந்து அரை மணித் தூரத்தில், லிபோடே பக்கத்துத் தேவாலய மண்டபம் ஒன்றில் சனிக்கிழமைகளில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சம்பளம் இல்லை, சில வாரம் பூசணிக்காய் கிடைக்கும்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியைப் பற்றித்தான் கேட்கிறேன். இந்த ஜனவரியில் மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு முடிவு வந்தது. கணிதம் 58, பௌதிக விஞ்ஞானம் 54, ஆங்கிலம் 61. டர்பன், ஜோகன்னஸ்பர்க் நண்பர்களுக்கு இது பெரிய புள்ளியாகத் தெரியாது. அவள் படித்த பாடசாலையில் பௌதிக விஞ்ஞானத்துக்கு இரண்டு வருடத்தில் மூன்று ஆசிரியர்கள் மாறினார்கள், நடுவில் நான்கு மாதம் ஒருவருமே இல்லை. ‘ஆய்வுகூடம்’ என்று எழுதிய அறையில் மதிய உணவுத் திட்டத்தின் சோளமா மூட்டைகள்தான் அடுக்கியிருக்கின்றன. அமிலத்தையும் காரத்தையும் அவள் கரும்பலகையில் மட்டுமே பார்த்திருக்கிறாள்.

டர்பனில் ஒரு பல்கலைக்கழகம் இடம் தந்திருக்கிறது. அவள் கேட்டது மூன்றாண்டு பி.எஸ்ஸி. கிடைத்தது நான்காண்டு நீட்டிப்புப் படிப்பு. கணிதத்தில் 60 எடுத்திருந்தால் மெட்ரிக் அளவுகோலில் ஐந்தாம் நிலை, நேரடியாக மூன்றாண்டுப் படிப்புக்குப் போயிருப்பாள். 58 நான்காம் நிலை. இரண்டு புள்ளிக்கு ஒரு வருடம் விலை.

கடிதத்தை வாசித்துவிட்டு என்னிடம் கேட்டாள்: “சேர், இது மக்குப் பிள்ளைகளுக்கான வகுப்பா?” எனக்கு உடனே பதில் வரவில்லை. நாற்பது வருடம் வகுப்பறையில் நின்றவனுக்கு வந்திருக்க வேண்டும்.

வீட்டில் வேறு கதை நடக்கிறது. பாட்டியின் முதியோர் உதவித்தொகையில் ஐந்து பேர் சாப்பிடுகிறார்கள். பதினெட்டு வயது முடிந்ததும் இவளுக்கு வந்துகொண்டிருந்த குழந்தைகள் உதவித்தொகையும் நின்றுவிட்டது. “நாலு வருடம் என்றால் நாலு வருடம் சம்பளம் இல்லை” என்கிறார் மாமன். உம்தாத்தாவில் ஒரு தனியார் கல்லூரி வணிக நிர்வாக டிப்ளோமாவுக்குக் கூப்பிடுகிறது. அங்கே சேர் என்கிறார். பிள்ளைக்கோ இரசாயனம்தான் வேண்டும்.

அனுப்பலாமா? நான்கு வருடத்துக்கும் பணம் வருமா? அவளுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் நான் என்ன படிப்பித்து அனுப்ப வேண்டும்? நான் கணக்கு வாத்தியார். பியூரெட்டை, திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடும் அந்த அளவுக் குழாயை, நானே கடைசியாகப் பிடித்து ஐம்பது வருடம் இருக்கும்.

பதில் 1: சாட்ஸ்வொர்த் பியூரெட் அம்மா

ஐயா, வணக்கம். என் தமிழ் டர்பன் சாட்ஸ்வொர்த் மாலைப் பள்ளியில் கற்றது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இரசாயனம் என்கிறீர்கள், எனக்கு வேதியியல் என்றுதான் எழுத வரும். இரண்டும் ஒரே நாற்றம்தான்.

பதினெட்டு ஆண்டுகள் இப்படி ஒரு நான்காண்டுப் படிப்பில் ஆய்வகப் பயிற்சியாளராக இருந்தேன். உங்கள் பிள்ளை போலப் பல நூறு பேரின் கையில் முதல் பியூரெட்டைக் கொடுத்தவள். அனுப்புங்கள் ஐயா.

மக்கு வகுப்பா என்று கேட்டாளே, அல்ல. ஆனால் அல்ல என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். வளாகத்தில் கால் வைத்த முதல் வாரமே யாராவது ஒருவன் அப்படித்தான் சொல்வான். அப்போது உங்கள் வார்த்தை பொய்யாகிவிடும். ‘சொல்வார்கள், சொல்கிறவனில் பாதிப் பேர் இரண்டாம் ஆண்டில் இருக்கமாட்டார்கள்’ என்று சொல்லி அனுப்புங்கள். நான் கண்ணால் கண்டது அது.

இந்தப் படிப்பு எப்படி வந்தது என்பதையும் அவளுக்குச் சொல்லுங்கள். கறுப்பினப் பிள்ளைக்குக் கணிதம் எதற்கு என்று 1953இல் பாராளுமன்றத்திலேயே கேட்டவர் நிறவெறி அரசின் அமைச்சர் ஃபெர்வூர்ட். அந்த ஆண்டு வந்த பாண்டு கல்விச் சட்டம் அந்தக் கேள்வியைப் பள்ளிக்கூடமாகக் கட்டி வைத்தது. சட்டம் போய்விட்டது, மூட்டை அடுக்கிய ஆய்வகம் போகவில்லை. பள்ளி கொடுக்காததைப் பல்கலைக்கழகமாவது கொடுக்கட்டும் என்று தொடங்கியவைதான் இவை. பீட்டர்மாரிட்ஸ்பர்கில் அன்றைய நேட்டால் பல்கலைக்கழகம் 1991இல் அறிவியல் அடித்தளப் படிப்பு தொடங்கியது, முன்னோடிகளில் ஒன்று. கடன் பட்டவன் திருப்பிக் கொடுப்பதை யாரும் பிச்சை என்று சொல்வதில்லையே.

நம்மவர்கள் மறந்துவிட்ட ஒன்றும் உண்டு. 1959 சட்டம் வெள்ளையர் பல்கலைக்கழகங்களின் கதவைச் சாத்தியபோது இந்தியர்களுக்கென்று 1961இல் ஒரு கல்லூரி திறந்தார்கள். எங்கே? டர்பன் துறைமுகத்துக்குள் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கொட்டகைகளில். என் பெரிய அண்ணன் படகேறித்தான் இயற்பியல் படிக்கப் போனார். மழைநாளில் நனைந்த புத்தகங்களை அம்மா ரொட்டிக்கல்லின் ஓரத்தில் வைத்துக் காயவைப்பார். அந்தப் படகில் போனவர்களை எங்கள் தெருவிலேயே சிலர் ‘தீவுப் பட்டதாரி’ என்று இளக்காரமாகச் சொன்னார்கள். பிறகு அவர்களிடம்தான் தங்கள் பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பினார்கள்.

என் கதைக்கு வருகிறேன். என் அப்பா சர்க்கரை ஆலையில் கொதிகலன் வேலை. வீட்டில் முதல் பட்டதாரிப் பெண் நான். முதல் ஆய்வக வகுப்பில் பிப்பெட் என்ற அளவுக் குழாயை வாயால் உறிஞ்சச் சொன்ன காலம் அது. எவ்வளவு உறிஞ்ச வேண்டும் என்று தெரியாமல் சோடியம் ஹைட்ராக்சைடு நாக்கில் ஏறிவிட்டது. வழவழவென்று சோப்புத் தண்ணீர் போல. சொல்லவில்லை! பக்கத்தில் நின்ற பெண்ணிடம்கூடச் சொல்லாமல் கழிப்பறைக்கு ஓடி வாய் கொப்பளித்துவிட்டு வந்து மீதி வகுப்பை முடித்தேன். நாக்கு மூன்று நாள் எரிந்தது. ‘உனக்கு இது சரிப்படாது’ என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம். பிற்காலத்தில் நான் பயிற்சியாளரானபோது முதல் வகுப்பில் இந்தக் கதையைத்தான் சொல்வேன். அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் “மேடம், இதை எப்படித் திருகுவது?” என்று வாய் திறப்பார்கள்.

இன்னொன்று. ஒரு வியாழக்கிழமை மதிய வகுப்பில் ஒரு பையன் மயங்கி விழுந்தான். அமில வாடை என்று ஜன்னலைத் திறந்தோம், மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கடைசியில் பார்த்தால், முந்தின நாள் காலையிலிருந்து சாப்பிடவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஆய்வகத்துக்கு வெளியே ஒரு டின்னில் பிஸ்கட் வைத்தோம், யாரும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். பிறகு ஒரு அலமாரி. போனவர்கள் விட்டுச் சென்ற வெள்ளை அங்கி, கால்குலேட்டர், பாதுகாப்புக் கண்ணாடி. கையெழுத்துப் புத்தகம் எதுவும் கிடையாது. பத்து ஆண்டில் இரண்டு கால்குலேட்டர்தான் திரும்பி வரவில்லை. கருத்தரங்கில் ‘மாணவர் ஆதரவு’ பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். நான் அந்த டின்னை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நான்காண்டுப் படிப்பு ஒரே மாதிரி எல்லா இடத்திலும் இல்லை. சில இடங்களில் முதல் ஆண்டுப் பாடத்தையே இரண்டாண்டுக்கு விரித்து, கூடுதல் பயிற்சி வகுப்பு சேர்த்து நடத்துவார்கள். சில இடங்களில் முதல் ஆண்டு முழுக்க அடித்தளம்தான். அதில் பட்டத்துக்குக் கணக்காகும் கிரெடிட் குறைவாகவே சேரும். எது அவளுடையது என்று கேளுங்கள். வகுப்பில் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். நான் இருந்த இடத்தில் முப்பது பேர்; அதே கட்டடத்தில் மூன்றாண்டு வகுப்பில் முன்னூறுக்கு மேல். கடைசியில் வாங்குவது அதே பி.எஸ்ஸி. தான்.

பணம். வீட்டு ஆண்டு வருமானம் 350,000 ராண்டுக்குள் இருந்தால் அரசின் மாணவர் நிதி உதவித் திட்டமான என்எஸ்எஃப்ஏஎஸ் தருகிறது. 2018இல் முதலாண்டு சேர்ந்தவர்களிலிருந்து அது கடன் அல்ல, மானியம். அவள் ஏற்கெனவே விண்ணப்பித்திருப்பாள் என்று நினைக்கிறேன். அரசு அங்கீகரித்த நீட்டிப்புப் படிப்பானால் நான்கு ஆண்டும் உரிய காலமாகவே எண்ணப்படும், கூடுதல் ஆண்டு அவள் தவறிய ஆண்டாகக் கணக்காகாது. ஆனாலும் நிதி உதவி அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் மூன்றாம் ஆண்டில் உதவாது. பணம் எங்கிருந்து வந்தாலும் முதல் தவணை கையில் விழும்வரை ஆறு வாரத்துச் செலவு கையில் இருக்க வேண்டும். பஸ், அறை முன்பணம், சோறு. நான் பார்த்தவரை பிள்ளைகள் மார்ச்சில்தான் காணாமல் போவார்கள். தேர்வு அதற்கப்புறம்தானே வருகிறது.

ஐந்து வாரத்துக்கு ஒன்றும் புதிதாகப் படிப்பிக்காதீர்கள். சிவப்பு முட்டைக்கோஸ் வாங்கி நறுக்கி வெந்நீரில் போடுங்கள். ஊதாத் தண்ணீர் கிடைக்கும். வினிகரை விட்டால் சிவக்கும், சமையல் சோடாவை விட்டால் நீலமாகும். மருந்துக் கடையில் மில்லிலிட்டர் கோடு போட்ட ஊசியில்லாச் சிரிஞ்சு வாங்குங்கள். அளந்து எடுத்த வினிகரில் இந்தத் தண்ணீர் கொஞ்சம் கலந்து, சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். சிவப்பிலிருந்து ஊதாவுக்கு மெதுவாகத்தான் நகரும், ஆய்வகத்து நிறங்காட்டியான பினாப்தலீன் போலச் சட்டென்று மாறாது. பரவாயில்லை. மூன்று முறை செய்து மூன்று அளவும் பக்கத்தில் பக்கத்தில் வருகிறதா என்று அவளே எழுதட்டும். நீர்மட்டத்தின் வளைவின் அடிப்பகுதியைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படிக்கப் பழகட்டும். முதல் நாளில் கை நடுங்காமல் இருக்க அவ்வளவு போதும். மீதி நேரத்தில் அலகு மாற்றமும் பத்தின் அடுக்குகளும். இவை இரண்டிலும் தடுமாறி அழுதவர்களை வரிசையில் நிறுத்தினால் உம்ஹ்லாங்கா வரை நிற்பார்கள்.

பதில் 2: பீனிக்ஸ் பையன்

அம்மா சொன்னதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சாட்சி.

எனக்கு 2015இல் ஒரே பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு வாய்ப்பு வந்தது. கணிதத்தில் 61. மூன்றாண்டும் எடுக்கலாம், விரும்பினால் நான்காண்டும் எடுக்கலாம். கோயில் திருவிழாவில் எல்லோரும் கேட்பார்களே, ‘எத்தனை வருடம்?’ என்று. மூன்று என்றேன். அதற்காகவே மூன்றாண்டில் சேர்ந்தேன்.

அப்பாவின் சம்பளம் அன்றைய என்எஸ்எஃப்ஏஎஸ் வரம்புக்குச் சற்று மேலே. அதனால் அந்த உதவி இல்லை, கட்டணம் கட்டவும் வழியில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு பேரங்காடியில் பெட்டி அடுக்கினேன். விரிவுரை மண்டபத்தில் முன்னூற்று நாற்பது பேர். ஆசிரியரை அறையில் போய்ப் பார்க்கலாம், அதற்கென்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது எனக்கு ஆகஸ்ட் மாதம் தெரிந்தது. அதுவரை அந்தப் பலகையைப் பார்த்து, அது அவருடைய காபி நேரம் என்று நினைத்திருந்தேன். சிரிக்காதீர்கள்.

கணிதத்தில் முதல் தேர்வு 38. இயற்பியலில் டி.பி. கிடைக்கவில்லை. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: வகுப்புத் தேர்வு, செய்முறை இவற்றில் குறைந்தபட்சம் எட்டாவிட்டால் இறுதித் தேர்வு எழுதவே விடமாட்டார்கள். அதுதான் டி.பி. ஆண்டு முடிவில் வெளியேற்றக் கடிதம் வந்தது. அம்மாவிடம் மூன்று வாரம் காட்டவில்லை. காலையில் பையைத் தூக்கிக்கொண்டு டர்பன் வாரிக் சந்தைப் பக்கம் சுற்றிவிட்டு மாலையில் வீட்டுக்கு வருவேன்.

மேல்முறையீடு செய்து நான்காண்டுப் படிப்பில் மறுபடி சேர்ந்தேன். ஆக எனக்கு ஐந்து வருடம் ஆனது. இப்போது ஒரு குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மூன்று என்று சொன்ன வாய்க்கு இரண்டு வருடம் அபராதம்.

அந்தத் தங்கையிடம் ஒன்று சொல்லுங்கள், ஐயா. முதல் வாரத்திலேயே வகுப்பில் மூன்று பேரின் தொலைபேசி எண்ணை வாங்கிவிட வேண்டும். நெருங்கிய நண்பர்களாக ஆக வேண்டியதில்லை. இரவு எட்டு மணிக்கு ‘நான்காவது கணக்கு உனக்கு வந்ததா?’ என்று கேட்க ஆள் வேண்டும்.

பதில் 3: லெனேஷியாக்காரன்

எல்லாம் சரி. நம் பிள்ளைகளுக்காக யார் பேசுகிறார்கள்? என் மகள் ஏழு பாடத்திலும் 80க்கு மேல் எடுத்தும் மருத்துவத்துக்கு இடம் கிடைக்கவில்லை. 58 எடுத்தவருக்கு முட்டைக்கோஸ் வாங்கிக் கொடுக்க இத்தனை பேர். தமிழர் தளத்தில் தமிழ்ப் பிள்ளையைப் பற்றிப் பேசக்கூடாதா?

லிபோடே வாத்தியாரின் மறுமொழி:

தம்பி, உங்கள் மகளின் வலி எனக்குத் தெரியாதது அல்ல. 1971இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழி மூலம் எழுதியவருக்கு 400க்கு 227 போதும், தமிழ் மொழி மூலம் எழுதியவர் 250 எடுக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். பிறகு 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தது. நான் அந்த வருடம் எழுதியவன். யாழ்ப்பாண மாவட்டம். வெளியே நின்றேன். அந்தக் கோபத்தோடுதான் கப்பல் ஏறினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மாவட்ட ஒதுக்கீட்டால் மன்னாரிலும் வவுனியாவிலும் இருந்து தமிழ்ப் பிள்ளைகளும் உள்ளே போனார்கள். அவர்களில் ஒருவன் நைஜீரியாவில் என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தான். அவன் படித்த பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவே இல்லை. மாமா வீட்டில் தங்கி வேறு ஊரில் படித்தவன். எனக்கோ பருத்தித்துறையில் இரண்டு ஆய்வுகூடம், மூன்று டியூட்டரி. அவனும் நானும் ஒரே கோட்டில் நின்று ஓடினோமா? அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு ஒரே பதில் வருவதில்லை. மொழி வாரியாகப் புள்ளியைக் கூட்டியது அநியாயம். மன்னார்ப் பிள்ளைக்கு வழி விட்டதை அநியாயம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் திட்டிக்கொண்டிருந்தோம்.

உங்கள் மகளைப் பற்றித் தனி இழையில் எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். நீங்கள் கேட்பது இடம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பது. என் மாணவிக்கு இடம் கிடைத்துவிட்டது. அங்கே போய் நிலைக்க வேண்டும் என்பதுதான் என் கவலை. இந்த இரண்டையும் குழப்பாதீர்கள்.

பதில் 4: சாட்ஸ்வொர்த் பியூரெட் அம்மா

லெனேஷியாத் தம்பி, என் அண்ணன் படகேறிப் போனதும் தமிழ்ப் பிள்ளையின் கதைதான். முட்டைக்கோஸ் பன்னிரண்டு ராண்டு. உங்கள் மகளுக்கும் வாங்கித் தருகிறேன்.

பதில் 5: மதுரையிலிருந்து கேப்டவுன்

இங்கே புள்ளியியலில் ஆய்வு செய்கிறேன். முதலாண்டு மாணவர்களுக்கு வாரம் மூன்று பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். அந்தப் பெண்ணுக்குக் காட்ட ஒரு எண்: 2013இல் இந்த நாட்டின் உயர்கல்விக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. நேரடி வகுப்பில் படிப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் உரிய காலத்தில் பட்டம் வாங்குகிறார். ஐந்து ஆண்டு கொடுத்தாலும் பாதிக்குச் சற்றுக் குறைவு, 48 விழுக்காடு. எனவே நான்காண்டையே எல்லோருக்கும் பொதுக்காலமாக வைத்து, முடிந்தவர்கள் மூன்றில் முடிக்கட்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. மூன்றாண்டு என்பது பெரும்பாலானோருக்குக் காகிதத்தில் மட்டுமே இருக்கும் கணக்கு. உங்கள் மாணவிக்கு வந்த கடிதம் அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான்.

பீனிக்ஸ் அண்ணன் சொன்ன மூன்று தொலைபேசி எண்ணுக்கும் ஒரு பழைய கதை உண்டு. 1970களில் கலிபோர்னியாவில் பெர்க்லியில் யூரி டிரைஸ்மன் என்ற ஆய்வு மாணவர், நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் அதிகம் தோற்கிறார்கள் என்று தேடினார். ஆர்வம் இல்லை, வீட்டில் ஊக்கம் இல்லை, பணம் இல்லை, அடிப்படை இல்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவர் மாணவர்களோடு கூடவே போய்ப் பார்த்தார். சீன வம்சாவளி மாணவர்கள் வீட்டுப்பாடத்தைத் தனித்தனியாகப் போட்டுவிட்டு, மாலையில் கூடி ஒருவர் விடையை ஒருவர் திருத்தினார்கள், சாப்பாட்டு மேசையிலும் அதே பேச்சு. கறுப்பின மாணவர்கள் ஆசிரியர் சொன்ன அத்தனை மணி நேரமும் நேர்மையாகப் படித்தார்கள், ஆனால் தனியாக. படிப்பு ஒருபக்கம், நட்பு ஒருபக்கம்.

அவர் தொடங்கிய பயிற்சிக் குழுக்களில் பழைய பாடத்தைத் திருப்பி நடத்தவில்லை. வகுப்பில் தருவதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாக உட்காரவைத்தார். மதிப்பெண் நன்றாகவே ஏறியது. கடினமான கணக்கு கொடுப்பது மரியாதை கொடுப்பது என்று எனக்குத் தோன்றும். என் பயிற்சி வகுப்பில் எளிய கணக்கைக் கொடுத்தபோது பிள்ளைகள் முகம் சுண்டிப்போனதைப் பார்த்திருக்கிறேன். ‘எங்களை இவ்வளவுதான் என்று நினைத்துவிட்டீர்களா?’ என்ற முகம்.

அதனால் பியூரெட் அம்மா சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். அலகு மாற்றம் கட்டாயம் வேண்டும். கூடவே வாரத்துக்கு ஒரு கணக்காவது அவளால் உடனே முடியாததாக இருக்கட்டும். முடியாத கணக்கோடு இரண்டு நாள் இருந்து பழகியவள் 38 வாங்கினாலும் பையைத் தூக்கிக்கொண்டு சந்தையைச் சுற்றமாட்டாள். (மன்னிக்கவும், பீனிக்ஸ் அண்ணா.)

வாய்ப்பிருந்தால் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) என்ற கணினி உருவகப் பரிசோதனைகளையும் பதிவிறக்கிக் கொடுங்கள். இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். மூட்டை அடுக்கிய அறைக்கு அது ஈடாகாது, கண்ணுக்காவது பழகும்.

பீனிக்ஸ் பையன்: மன்னித்தேன். சந்தையில் நல்ல மாங்காய் ஊறுகாய் கிடைத்தது.

லிபோடே வாத்தியார், பதினெட்டு நாள் கழித்து:

எல்லோருக்கும் நன்றி. என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

முட்டைக்கோஸ் பரிசோதனையைத் தேவாலயச் சமையலறையில் செய்தோம். ஒருத்திக்காகத் தொடங்கியது, சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேரும் வந்து சுற்றி நின்றார்கள். முதல் தடவை அவள் சிரிஞ்சை ஒரே அழுத்தாக அழுத்திவிட்டாள். சிவப்பிலிருந்து நீலத்துக்கே போய்விட்டது. பாதிரியார் மனைவியின் வெள்ளை மேசைவிரிப்பும் நீலம். ஆறாவது தடவைக்குப் பிறகு மூன்று அளவுகள் 14.5, 14.0, 14.5 என்று வந்தன. அவளே கொப்பியில் கோடு போட்டு எழுதினாள். பிறகு என்னிடம் கேட்டாள்: “நடுவில் இருக்கிற 14.0 பிழையா, மற்ற இரண்டும் பிழையா?” இந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளைக்கு 58 போட்டிருக்கிறார்கள்.

நிதி அலுவலகத்துக்கு எழுதினேன். நான்கு வருடமும் உரிய காலமே என்று மின்னஞ்சலில் பதில் வந்திருக்கிறது. அச்செடுத்து மாமன் கையில் கொடுத்தேன். அவர் இரண்டு முறை வாசித்தார். சரி என்று சொல்லவில்லை. அடுத்த நாள் ஒரு பழைய சூட்கேஸைப் பூட்டு மாற்றிக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். இங்குள்ள கோசா இனத்தவர்களும் நம்மைப் போலத்தான்.

‘மக்கு வகுப்பா’ என்ற கேள்விக்குப் பியூரெட் அம்மா எழுதியதை ஆங்கிலத்தில் சொன்னேன். தீவும் படகும் அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. “இந்தியர்களையுமா?” என்று கேட்டாள். ஆம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்படியென்றால் அந்த அம்மாவிடம் கால்குலேட்டர் இருக்குமா?” என்றாள். அவளுடையதில் ஏழாம் எண் விசை வேலை செய்யவில்லையாம். இரண்டு வருடமாக ஏழு வரும் இடத்தில் எட்டைப் போட்டு ஒன்றைக் கழித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு இப்போதுதான் சொல்கிறாள்.

அடுத்த ஞாயிறு இரவு உம்தாத்தாவில் பஸ் ஏறுகிறாள். கோக்ஸ்டாட் வழி. விடுதி அறை திங்கள் பதினொரு மணிக்குத்தான் திறக்குமாம்.

சாட்ஸ்வொர்த் பியூரெட் அம்மா:

ஐயா, அந்த பஸ் டர்பனுக்கு விடியற்காலை நாலரை, ஐந்துக்கே வந்துவிடும். அந்த நேரத்தில் பஸ் நிலையத்தில் தனியாகப் பெட்டியோடு நிற்க வேண்டாம். என் மகன் வருவான், வெள்ளை பக்கி (பின்னால் திறந்த சின்ன வண்டி). பஸ் எண்ணையும் பிள்ளையின் தொலைபேசி எண்ணையும் இங்கே போடாதீர்கள், தனிச்செய்தியில் அனுப்புங்கள். பதினொரு மணி வரை என் வீட்டில் தூங்கட்டும். கால்குலேட்டர் இருக்கிறது, ஏழு வேலை செய்கிறது, இப்போதுதான் அழுத்திப் பார்த்தேன். அங்கிக்கு உயரம் எவ்வளவு என்று கேட்டுச் சொல்லுங்கள். என்னிடம் இருப்பவை எல்லாம் நெட்டைப் பையன்கள் விட்டுப்போனவை, கை மடித்துத் தைக்க வேண்டியிருக்கும்.